டீகோடர் மேல் பழி போடுமுன்: மாதிரி ரயிலின் டிஜிட்டல் கோளாறுகளுக்கு ஓர் அறிமுகம்

மேசைமேல் ஓடிக்கொண்டிருக்கும் மாதிரி ரயில் திடீரென்று நின்றுவிட்டால், பார்த்துக்கொண்டிருப்பவர் வாயிலிருந்து முதலில் வருவது "டீகோடர் போய்விட்டது, அண்ணாச்சி" என்பதுதான். டிஜிட்டல் முறையில், எஞ்சினுக்குள் உட்கார்ந்து கட்டளையைக் கேட்டு மோட்டாரை ஓட்டும் சிறு மின்னணுப் பலகைதான் டீகோடர். எஞ்சினைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நெல்லைச் சீமையில் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியிருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். செங்கோட்டைக்கு மேற்கே மலையேறும் பாதையையும், பதிமூன்று கண் பாலத்தையும் மீட்டர் கேஜ் காலத்து நினைவோடு மாடி அறையில் கட்டி வைத்திருப்பவர்கள் அவர்களில் உண்டு. உதிரிபாகம் எதுவும் உள்ளூர்க் கடையில் கிடைக்காது. டீகோடரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, சுங்கவரி கட்டி, பொருத்திப் பார்த்தால் எஞ்சின் அதே இடத்தில், அதே மாதிரி நிற்கும்.

காரணம் எளியது. டிஜிட்டல் முறையில் கெட்டுப்போவது பெரும்பாலும் டிஜிட்டல் பகுதி அல்ல. தண்டவாளம், சக்கரம், வயர், இணைப்பு என்ற பழைய சாமான்கள்தான் தகராறு செய்கின்றன. பழி மட்டும் புதிய சாமான் மேல் விழுகிறது. இது ஏன் என்று புரிய வேண்டுமானால் அந்த இரண்டு தண்டவாளத்திலும் என்ன ஓடுகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு மின்னணுவியல் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

பழைய முறையில் நடந்தது

டிஜிட்டல் வருவதற்கு முன்பிருந்த முறையில் தண்டவாளத்துக்கு நேர்மின்சாரம் போகும். வோல்ட்டைக் கூட்டினால் எஞ்சின் வேகமாக ஓடும், குறைத்தால் மெதுவாகும். இரு தண்டவாளங்களுக்கும் போகும் வயரை இடம் மாற்றினால் பின்னோக்கிப் போகும். பன்னிரண்டு வோல்ட் மோட்டார், ஒரு திருகு, அவ்வளவுதான்.

குறை என்னவென்றால், ஒரே பாதையில் இரண்டு எஞ்சின் நின்றால் இரண்டும் சேர்ந்தே ஓடும். அதனால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சுவிட்ச் வைத்து, ரயில் போகப் போக விரல்கள் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது. ஆனால் இந்த முறைக்கு ஒரு பொறுமை இருந்தது. தண்டவாளத்தில் அழுக்கு இருந்தால் மோட்டார் ஒரு கணம் தடுமாறும், அடுத்த கணம் மின்சாரம் கிடைத்ததும் ஓடிவிடும். நினைவில் வைக்க வேண்டியது எதுவும் மோட்டாருக்கு இல்லை. "அப்போது நன்றாக ஓடிய பாதைதானே" என்று இன்று பலர் சொல்வது இதனால்தான். பாதை அப்போதும் நன்றாக இல்லை, மோட்டார் பொறுத்துக்கொண்டது.

ஜங்ஷன் ஒலிபெருக்கி

திருநெல்வேலி ஜங்ஷன் நடைமேடையில் சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறீர்கள். 12632, நெல்லை எக்ஸ்பிரஸ் என்று ஒலிபெருக்கி அறிவிக்கிறது. அந்தச் சத்தம் அங்கிருக்கும் எல்லோர் காதிலும் விழுகிறது. சென்னைக்கு டிக்கெட் எடுத்தவர் பையைத் தூக்குகிறார். திருச்செந்தூர் ரயிலுக்குக் காத்திருப்பவர் அசையவில்லை. எண் தன்னுடையது அல்ல என்று அவருக்குத் தெரியும். அறிவிப்பு ஒருமுறையோடு முடிவதும் இல்லை. மூன்று மொழியில், திரும்பத் திரும்ப வருகிறது. நடுவில் ஒரு சரக்கு ரயில் இரைந்துகொண்டு கடந்து, எண் பாதிதான் கேட்டது என்றால், விவரமுள்ள பயணி எழுந்து ஓட மாட்டார். அடுத்த அறிவிப்பு வரட்டும் என்று இருப்பார்.

டிஜிட்டல் கட்டுப்பாடு இதேதான். எஞ்சினுக்குள் இருக்கும் விரல்நகம் அளவுப் பலகைக்குப் பெயர் டீகோடர். அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும் பயணி அது. ஒவ்வொரு டீகோடருக்கும் ஒரு எண் உண்டு, அதற்கு முகவரி என்று பெயர். அறிவிப்பைத் தயாரிக்கும் பெட்டி கமாண்ட் ஸ்டேஷன். அதை உரத்த குரலாக்கித் தண்டவாளத்தில் ஏற்றும் பகுதி பூஸ்டர். சிறிய கருவிகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் ஜங்ஷன் வேறு, மேசை வேறு. மேசையில் எஞ்சின் ஓடுவதற்கு வேண்டிய மின்சாரமும் அந்த அறிவிப்பும் தனித்தனி வழியில் வருவதில்லை. அறிவிப்பேதான் மின்சாரம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

தண்டவாளத்தில் ஓடுவது

டிஜிட்டல் மேசையில் இரு தண்டவாளங்களுக்கிடையே 14, 15 வோல்ட் எப்போதும் இருக்கிறது. எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் அந்த அளவு மாறுவதில்லை. மாறுவது பக்கம்தான்: ஒரு கணம் இடது தண்டவாளம் நேர்முனை, அடுத்த கணம் வலது தண்டவாளம் நேர்முனை. வினாடிக்குப் பல ஆயிரம் முறை இப்படிப் புரள்கிறது. ஒரு பக்கம் 58 மைக்ரோவினாடி, அதாவது ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் 58 பங்கு, நின்று புரண்டால் அது "1". 100 மைக்ரோவினாடியோ அதற்கு மேலோ நின்று புரண்டால் அது "0". இந்த இரண்டே எழுத்தில்தான் எல்லாக் கட்டளையும் எழுதப்படுகிறது.

ஜெர்மனியில் லென்ஸ் நிறுவனம் 1980களின் கடைசியில் உருவாக்கிய இந்த முறையை, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களின் முற்பாதியில் பொதுத் தரமாக்கியது. ஒரு நிறுவனத்தின் டீகோடர் இன்னொரு நிறுவனத்தின் கமாண்ட் ஸ்டேஷனோடு பேசுவது அதனால்தான்.

ஒரு முழு அறிவிப்புக்குப் பாக்கெட் என்று பெயர். முதலில் 14 ஒன்றுகளாவது வரிசையாக வரும். "கவனியுங்கள்" என்று மணி அடிப்பது போன்றது. அடுத்து முகவரி, அடுத்து கட்டளை, கடைசியில் சரிபார்ப்பு எண். 3ஆம் முகவரி எஞ்சினுக்கு "முன்னோக்கி, இன்ன வேகம்" என்று சொல்லும் பாக்கெட்டைப் பிரித்துப் பார்ப்போம். முகவரி 00000011. கட்டளை 01110100. இரண்டையும் மேலும் கீழுமாக எழுதி, இரண்டு இலக்கமும் ஒன்றாக இருக்கும் இடத்தில் 0, வேறாக இருக்கும் இடத்தில் 1 போட்டால் 01110111 கிடைக்கும். அதுதான் சரிபார்ப்பு எண். டீகோடர் தானும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். ஒத்துவந்தால் கீழ்ப்படியும், ஒத்துவராவிட்டால் பாக்கெட்டையே தூக்கி எறிந்துவிடும். பாதி கேட்ட அறிவிப்புக்கு எழுந்து ஓடாத பயணி இவர்தான்.

இப்படி ஒரு பாக்கெட் முடிய ஏறக்குறைய ஆறு மில்லிவினாடி ஆகும். வினாடிக்கு நூற்றைம்பது பாக்கெட் வரை போகலாம். ஒன்று தவறினால் அடுத்தது வருகிறது.

டீகோடர் உள்ளே நுழையும் மின்சாரத்தை முதலில் ஒரே திசைக்கு மாற்றிக்கொள்கிறது. அதிலிருந்துதான் மோட்டாருக்கு அளந்து கொடுக்கிறது. எனவே எஞ்சினைத் தூக்கி மறுபுறம் திருப்பி வைத்தாலும், "முன்னோக்கி" என்றால் அதன் முகம் இருக்கும் பக்கமே ஓடும். பழைய முறைக்குப் பழகியவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்து வயரை மாற்றிப் போடுவதுண்டு. மாற்றினாலும் ஒன்றும் ஆகாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மின்னழுத்தம் எப்போதும் முழுதாக இருக்கிறது, செய்தி புரளும் நேரத்தில் இருக்கிறது, பழுதான செய்தியை டீகோடர் ஏற்பதில்லை, மின்சாரமும் செய்தியும் இரண்டு தண்டவாளத்தையும் சக்கரத்தையும் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

ஒன்றா, எல்லாமா?

கோளாறு வந்ததும் திருப்புளியைத் தேடக் கூடாது. ஒரு கேள்வி போதும்: நிற்பது ஒரு எஞ்சினா, எல்லா எஞ்சினுமா? நிற்பது ஓரிடத்திலா, எல்லா இடத்திலுமா?

எல்லா எஞ்சினும் மேசையிலுள்ள அம்பாசமுத்திரம் பிளாட்பாரம் முன்னால் மட்டும் நிற்கிறது என்றால், அது பாதையின் குற்றம். எந்த எஞ்சினின் டீகோடரையும் தொட வேண்டாம். ஒரே எஞ்சின் எங்கே வைத்தாலும் நிற்கிறது, மற்றவை ஓடுகின்றன என்றால், அந்த எஞ்சினின் சக்கரமோ, உள்வயரோ, முகவரியோ, கடைசியாக டீகோடரோ. எல்லாம் எங்கேயும் நிற்கின்றன என்றால் கமாண்ட் ஸ்டேஷன், அதன் அடாப்டர், அல்லது மேசையில் எங்கோ ஒரு ஷார்ட். ஒரே எஞ்சின் ஒரே இடத்தில் மட்டும் மக்கர் செய்வதுதான் சுவையான வகை. அதை, பாதை பிரியும் இடமான பாயிண்ட் பற்றிப் பேசும்போது பார்க்கலாம்.

இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் எஞ்சினைப் பிரித்தவர்கள்தான் கோட்டை விடுகிறார்கள். எஞ்சினின் கூட்டைக் கழற்றும்போது முறியும் பிளாஸ்டிக் கொக்கிகள் கோளாறுக் கணக்கில் சேர்வதில்லை, அதுதான் வேடிக்கை.

தூசியும் தேரி மணலும்

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு, கிழக்கே வரும்போது வெறும் காற்றாகத்தான் வருகிறது. கயத்தாறில் காற்றாலை சுற்றுவது அதனால். அதே காற்று பாளையங்கோட்டை மாடி அறைக்குள் செம்மண் தூசியையும் கொண்டுவந்து போடுகிறது. அதோடு தண்டவாளத்தில் படியும் ஆக்சைடு, பிளாஸ்டிக் சக்கரம் உதிர்க்கும் பசை, யாரோ கருணையோடு விட்ட தையல் மெஷின் எண்ணெய் எல்லாம் சேர்ந்து ஒரு கரும்பூச்சாகும்.

எஞ்சினைத் தலைகீழாக வைத்துச் சக்கரத்தின் ஓடும் பரப்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பளபளக்க வேண்டிய இடத்தில் நடுவே ஒரு கரிய வரி வளையமாக ஓடும். விரல்நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி சுருண்டு வரும். அந்த வரிதான் மின்சாரத்தை மறிக்கிறது. சக்கரம் ஒவ்வொரு முறையும் அதன்மேல் ஏறி இறங்கும்போது பாக்கெட் பழுதாகிறது. இடைவெளி கொஞ்சம் நீண்டால் டீகோடரின் மின்சாரமே போய், அது மறுபடி விழித்து, மறுபடி தன் முகவரிக்கு வரும் பாக்கெட்டுக்குக் காத்திருக்க வேண்டும். ஒலி எழுப்பும் எஞ்சின் என்றால் நின்று, முதலிலிருந்து ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம், மின்தொடர்பு அறுகிறது.

துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்துத் தண்டவாளத்தைத் துடைக்கலாம். அந்தத் துணியையே தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, எஞ்சினின் ஒரு முனைச் சக்கரங்கள் துணிமேலும் மறுமுனைச் சக்கரங்கள் வெறும் தண்டவாளத்திலும் இருக்கும்படி பிடித்து ஓடவிட்டால், துணியில் இரண்டு கறுப்புக் கோடு விழும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அது விடும் கீறல்களில் அடுத்த மாதத்து அழுக்கு இன்னும் வசதியாக உட்கார்ந்துகொள்ளும்.

திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி எனப்படும் செம்மணல் மேட்டு மணலை அள்ளிவந்து காட்சிக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறம் அழகுதான். ஆனால் அதில் இல்மனைட் போன்ற கரிய கனிமத் துகள் கலந்திருக்கும். வலுவான காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணலில் உலாவவிட்டால் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். எடுக்காமல் விட்டால் அது ஒட்டும் அடுத்த காந்தம் உங்கள் எஞ்சின் மோட்டாருக்குள் இருக்கிறது.

ஷார்ட்டும் இரண்டு ரூபாய் நாணயமும்

இரு தண்டவாளமும் உலோகம் வழியாக நேராகத் தொட்டுக்கொண்டால் அது ஷார்ட். பூஸ்டர் ஒரு குறிப்பிட்ட ஆம்பியருக்கு மேல் போனதும் தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும். மூன்று ஆம்பியர், ஐந்து ஆம்பியர் என்பவை வழக்கமான அளவுகள். பெட்டி துண்டித்துக்கொள்வதைக் கோளாறு என்று திட்டுகிறார்கள். துண்டித்துக்கொள்ளாத பெட்டிதான் ஆபத்து.

ஒரு சின்னக் கணக்கு. பூஸ்டர் 15 வோல்ட், ஐந்து ஆம்பியருக்குத் துண்டிப்பது என்று வைத்துக்கொள்வோம். மேசையின் கடைக்கோடிக்கு மெல்லிய டெலிபோன் வயர் இழுத்திருக்கிறீர்கள்; நடுவில் தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் ஜாயினர்கள் தளர்ந்திருக்கின்றன. வழி முழுவதும் சேர்ந்து மின்தடை 3.5 ஓம். இப்போது கடைக்கோடியில் ஷார்ட் விழுந்தால் ஓடும் மின்சாரம் 15 ஐ 3.5 ஆல் வகுத்தால் வரும் 4.3 ஆம்பியர். ஐந்தைத் தொடவில்லை. பூஸ்டர் பேசாமல் ஊட்டிக்கொண்டே இருக்கும். அறுபது வாட்டுக்கு மேல் வெப்பமாகிறது. மேசையில் எல்லோரும் வைத்திருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட். அந்த வெப்பம் தளர்ந்த ஜாயினரிலும் தடம் புரண்ட சக்கரத்திலும் இறங்கினால் ஸ்லீப்பர் கட்டை உருகும், போகிச் சட்டம் வளையும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், இரண்டு ரூபாய் நாணயம் போதும். பெரும்பாலோர் வைத்திருக்கும் பாதையில் தண்டவாளங்களுக்கிடையே 16.5 மில்லிமீட்டர், நாணயம் குறுக்கே தாராளமாக உட்காரும். எஞ்சின்களை எல்லாம் எடுத்துவிட்டு, மேசை நெடுக ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலும் நாணயத்தைக் குறுக்கே வையுங்கள். வைத்த உடனே பூஸ்டர் துண்டிக்க வேண்டும், எடுத்ததும் திரும்பி வர வேண்டும். எங்கே துண்டிக்கவில்லையோ அங்கே வயர் மெல்லியது, அல்லது இணைப்பு மோசம். எஞ்சின் சோம்பலாக ஓடும் இடமும் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

(16.5 மில்லிமீட்டர் என்பது நம் ஊர் எந்த கேஜுக்கும் பொருந்தாத அளவு. 87இல் ஒரு பங்கு என்ற அளவில் மீட்டர் கேஜ் 11.5 வரும், பிராட் கேஜ் 19ஐத் தாண்டும். கடையில் கிடைப்பது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதை. அதில்தான் செங்கோட்டை மலை ஏறுகிறோம்.)

சரிசெய்வது எப்படி? மேசைக்கு அடியில் நெடுக இரண்டு தடித்த செப்பு வயர் ஓட வேண்டும். இதைப் பஸ் வயர் என்பார்கள். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 அல்லது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் தாராளம். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் சிறு கிளை வயர் சால்டர் வைத்து ஏற்றுங்கள். அதற்குப் பெயர் ஃபீடர். ஜாயினரை மின்சாரத்துக்கு நம்பாதீர்கள், அதன் வேலை தண்டவாளத்தை நேராகப் பிடிப்பது. "டிஜிட்டலுக்கு இரண்டே வயர் போதும்" என்று பெட்டியின்மேல் அச்சடித்திருப்பது பெட்டியை விற்பதற்காக.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மலிவான மீட்டரின் மாறுமின்சார அளவுகோல் நம் வீட்டு 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. தண்டவாளத்தில் இருப்பதோ அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் வேகமாகப் புரளும் சதுர அலை. காட்டும் எண் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒப்பிட உதவும். பூஸ்டர் வாயிலில் ஒரு முறை, கடைக்கோடியில் ஒரு முறை பாருங்கள். அப்போது கடைக்கோடியில் சுமை இருக்க வேண்டும். கார் இண்டிகேட்டரின் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றைத் தண்டவாளத்தில் தொடவைத்தால் அதுவே சுமை. சுமையில்லாமல் அளந்தால் ஒற்றை இழையில் தொங்கும் வயரும் முழு வோல்ட்டைக் காட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நிற்கும்.

மதிய வெயிலில் மட்டும் வரும் ஷார்ட்

தண்டவாளத்தைச் சில இடங்களில் வேண்டுமென்றே அறுத்து, இடைவெளி விட்டிருப்போம். ரயில் போய்ச் சுற்றித் திரும்பி அதே பாதைக்கு வரும் வளையத்தில் இது கட்டாயம். அங்கே இடது தண்டவாளம் சுற்றிவந்து வலது தண்டவாளத்தோடு முட்டும். அப்படியே விட்டால் ஷார்ட். வளையத்தின் இரு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் அறுத்து, நடுப்பகுதிக்கு மட்டும் பக்கத்தைத் தானாக மாற்றிக்கொடுக்கும் ஆட்டோ ரிவர்சர் என்ற பலகையை இணைக்க வேண்டும். அறுத்த பகுதி உங்கள் மிக நீண்ட ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்சக்கரம் ஒரு முனையிலும் பின்சக்கரம் மறுமுனையிலும் ஒரே நேரத்தில் பாலம் போட்டு, பலகையைத் திணறடிக்கும்.

தென்காசி நண்பர் ஒருவரின் மேசையில் மார்கழி முழுக்க ஒழுங்காக ஓடிய வளையம் சித்திரையில், அதுவும் பிற்பகலில் மட்டும், பூஸ்டரைத் துண்டித்துக்கொண்டிருந்தது. ராத்திரி சரியாகிவிடும். அவர் ரிவர்சர் பலகையைக் குறைசொல்லிக்கொண்டிருந்தார். விஷயம் இதுதான்: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரம் குடித்து உப்பிய பிளைவுட் கோடையில் காய்ந்து சுருங்குகிறது. தண்டவாளமோ வெயிலில் நீள்கிறது. மீட்டருக்கு இருபது டிகிரி ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர். இரண்டும் சேர்ந்து அந்த மெல்லிய இடைவெளியை மூடிவிட்டன. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, தலைமயிர் அளவுக்கூட வெளிச்சம் ஊடே தெரியவில்லை. மெல்லிய பிளாஸ்டிக் துண்டை இடைவெளியில் செருகி, பசை வைத்து, தண்டவாள உருவத்துக்கு அரத்தால் தேய்த்துவிட்டார். வெறும் இடைவெளியாக எதையும் விட்டுவைக்கக் கூடாது.

பாயிண்ட்டில் வருவது வேறு வகை. இரண்டு பாதை பிரியும் இடத்தில், தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் மூக்கை ரயில்வேக்காரர்கள் கிராசிங் என்பார்கள். அங்கே எதிரெதிர்ப் பக்கத் தண்டவாளங்கள் மிக நெருங்கி வருகின்றன. சற்று அகலமான சக்கரம், அல்லது அச்சில் இடைவெளி குறைந்த சக்கர ஜோடி, போகிற போக்கில் இரண்டையும் தொட்டுவிடும். ஒரே எஞ்சின், ஒரே இடத்தில், பொறி தெறித்து நிற்கிறது என்றால் இதுதான். விளக்கை அணைத்துவிட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பொறி எந்தச் சக்கரத்தில் என்று தெரிந்துவிடும். பழைய முறையில் இதே பொறி ஒரு கணம் பறந்து மறைந்திருக்கும். டிஜிட்டலில் பூஸ்டர் அதைக் கணக்கில் எடுத்து மேசை முழுவதையும் நிறுத்துகிறது.

சுருக்கிச் சொன்னால்: ஓரிடத்தில் எல்லாம் நின்றால் தண்டவாளமும் ஃபீடரும், ஓரிடத்தில் ஒன்று மட்டும் நின்றால் சக்கரமும் பாயிண்ட்டும், பருவத்துக்குப் பருவம் மாறினால் இடைவெளி. இதுவரை டீகோடரின் பெயரே வரவில்லை.

காது கேட்கிறது, எழுந்திருக்கவில்லை

இனி ஒரு எஞ்சின் மட்டும், எங்கேயும் கீழ்ப்படியாத நிலை. சக்கரம் சுத்தம். அப்போதும் டீகோடர் சாகவில்லை என்றே வைத்துக்கொண்டு தேட வேண்டும். எண் மாறியிருக்கலாம்.

புதிய டீகோடர் எல்லாம் 3 என்ற முகவரியோடுதான் வரும். இரண்டு புதிய எஞ்சின் வாங்கி இரண்டையும் அப்படியே வைத்தால், ஒன்றை அழைக்கும்போது இரண்டும் ஓடும். முகவரியும் மற்ற பழக்கவழக்கங்களும் டீகோடருக்குள் எண்போட்ட சிறு நினைவு அறைகளில் இருக்கின்றன, அவற்றுக்குச் சி.வி. என்று பெயர். 1ஆம் சி.வி. சிறிய முகவரி. நான்கு இலக்க முகவரி 17, 18ஆம் சி.வி.களில் இருக்கும். எது செல்லும் என்று தீர்மானிப்பது 29ஆம் சி.வி. நான்கு இலக்கத்தை எழுதிவிட்டு 29ஐ மாற்ற மறந்தால், எஞ்சின் பழைய எண்ணுக்கே காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்.

மலைப்பாதை கட்டியவர்களுக்கு இன்னொரு தனித் தொல்லை உண்டு. செங்கோட்டை மலையில் மீட்டர் கேஜ் ரயிலுக்கு முன்னும் பின்னும் எஞ்சின் பூட்டியது போல, மேசையிலும் இரண்டு எஞ்சினை ஒரே எண்ணில் கூட்டுச் சேர்ப்பார்கள். அந்தக் கூட்டு எண் 19ஆம் சி.வி.யில் எழுதப்படும். ஆட்டம் முடிந்து எஞ்சினைப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். எண் உள்ளேயே இருக்கும். அடுத்த மாதம் தனியாக வைத்து அழைத்தால் எஞ்சின் நகராது. ஆனால் விளக்கு மட்டும் அதன் சொந்த எண்ணுக்கு எரியும், அணையும். விளக்கு கேட்கிறது, மோட்டார் கேட்கவில்லை என்றால் 19இல் 0 எழுதுங்கள். நல்ல டீகோடரைக் குப்பையில் போட வைப்பதில் இதற்கு நிகர் வேறு இல்லை.

எஞ்சினின் முன்விளக்கு வேகத்தைக் கூட்டக் கூட்ட எரிந்து அணைந்து எரிவது இன்னொரு பிரபலமான "டீகோடர் கோளாறு". மேலே பார்த்த கட்டளை 01110100ஐ மறுபடி எடுங்கள். நான்காவது இலக்கத்துக்கு இரண்டு பொருள் உண்டு. வேகத்தை 14 படியாகப் பிரித்த பழைய முறையில் அது முன்விளக்கு. 28 படி முறையில் அதே இலக்கம் வேகத்தின் அரைப்படி. கமாண்ட் ஸ்டேஷன் 28இல் பேச, டீகோடர் 14இல் கேட்டால், ஒவ்வொரு படி ஏறும்போதும் அந்த இலக்கம் 0, 1, 0, 1 என்று மாறும். விளக்கும் எரிந்து அணையும். இருவரும் வேறு வேறு பாஷை பேசுகிறார்கள், அவ்வளவுதான். 29ஆம் சி.வி.யில் 2ஐக் கூட்டினால் தீர்ந்தது.

ஷார்ட் விழுந்து மீண்டதும் ஒரு எஞ்சின் பேய் பிடித்தது போல முழு வேகத்தில் பாய்கிறதா? அதற்கும் 29ஆம் சி.வி.தான். டிஜிட்டல் செய்தி கேட்காவிட்டால் "இது பழைய முறை மேசை போலும்" என்று எண்ணிக்கொண்டு, கிடைக்கும் வோல்ட் முழுவதையும் மோட்டாருக்குக் கொடுக்க டீகோடருக்கு அனுமதி இருக்கிறது. அந்த அனுமதியின் மதிப்பு 4. வழக்கமாக 29இல் 6 இருக்கும். அதை 2 ஆக்கிவிடுங்கள். நான்கு இலக்க முகவரியுள்ளது என்றால் 38 இருக்கும், 34 ஆக்குங்கள். பழைய முறை மேசைக்கு அந்த எஞ்சினை எடுத்துப்போகாதவரை நட்டமில்லை.

எல்லாம் குழம்பிப்போனால், பல நிறுவனங்களின் டீகோடர்களில் 8ஆம் சி.வி.யில் 8 எழுதினால் தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்குத் திரும்பும். முகவரி மறுபடி 3. கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது.

டீகோடர் உண்மையிலேயே போவது

போவதும் உண்டு. கருகிய வாசனை, சுருங்கிய உறை, சில்லில் கொப்புளம். அப்படி இருந்தால் அது தானாகப் போகவில்லை, எதுவோ கொன்றிருக்கிறது. வழக்கமான குற்றவாளி மோட்டார். பழைய முறை எஞ்சினை டிஜிட்டலுக்கு மாற்றும்போது, மோட்டாரின் ஒரு முனை உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். சட்டம் சக்கரத்தோடும் சக்கரம் தண்டவாளத்தோடும் தொடர்பு. டீகோடரின் மோட்டார் வயர் நேராகத் தண்டவாள மின்சாரத்தில் விழும். புகை வர அரை வினாடி போதும்.

புதிய டீகோடரைப் பொருத்துமுன் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, மோட்டாரின் ஒவ்வொரு முனைக்கும் ஒவ்வொரு பக்கச் சக்கரத்துக்கும் நடுவே பாருங்கள். தொடர்பே இருக்கக் கூடாது. வயர்களின் நிறமும் பொதுத் தரம்தான்: சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொதுவானது. மோட்டாரின் ஆரஞ்சு, சாம்பல் இரண்டில் ஒன்றுகூடத் தண்டவாளப் பக்கம் தொடக் கூடாது.

பொருத்தியதும் எஞ்சினை நேராக மெயின் பாதையில் வைக்காதீர்கள். கமாண்ட் ஸ்டேஷனில் புரோகிராமிங் டிராக் என்று தனி இணைப்பு இருக்கும். தனியாக ஒரு முழம் தண்டவாளத்தை அதில் மாட்டுங்கள். அங்கே மின்சாரம் அளவோடுதான் வரும். வயரிங் தப்பாக இருந்தாலும் டீகோடர் பிழைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. 1ஆம் சி.வி.யைப் படிக்கச் சொல்லுங்கள். டீகோடர் மோட்டாரை ஒரு கணம் உதறி, ஆறு மில்லிவினாடி மின்சாரம் இழுத்துப் பதில் சொல்லும். எஞ்சின் லேசாகத் துள்ளுவது கண்ணுக்கே தெரியும். 3 என்று திரையில் வந்தால் மெயின் பாதைக்குக் கொண்டுபோகலாம். பதிலே வரவில்லையென்றால் முதலில் அந்த ஒரு முழத் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடைத்துவிட்டு, இன்னொரு முறை படிக்கச் சொல்லுங்கள்.